சேவல் முத்திரைக் குடம்

போர் முடிந்தது. மணலூர் மன்னர் அரிகண்டர் வென்றார் என்று பறையறைந்தார்கள். வென்ற ஊரில் செப்புக் காசுதான் இல்லை. பாதி பீரங்கியாகிப் போயிற்று. மீதி எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை.

வணிகர் தலைவர் சிதம்பரநாதர் வழி சொன்னார். தகர வில்லை அடித்து, 'ஒரு காசு பெறும்' என்று பொறித்துப் புழங்கவிட்டார். நெசவாளர்களுக்குக் கூலி வில்லையில். அந்த வில்லை அவர் கடையில் மட்டும் செல்லும். அரண்மனை வரிக்குச் செல்லாது, அதற்குச் செம்புதான் வேண்டும்.

வரி கட்டாத நாற்பது வீட்டுத் தறிகளை வண்டியில் ஏற்றி அரண்மனை வாசலில் நிறுத்தினார்கள். நெசவாளர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

சபையில் மனு வாசிப்பவர் சோலையப்பன். மன்னருக்குப் பிடிக்காத ஓலையைத்தான் இன்னும் உரக்கப் படிப்பார். நெசவுக்காரி பேச்சியிடம் ஓலை இல்லை. சபையில் இருந்த சிதம்பரநாதரைக் காட்டி வாயாலேயே சொன்னாள்.

"காசைக் கண்ணால பார்த்து ஆறு மாசமாச்சு சாமி. செம்புன்னா இவர் கடையில குடமா அடுக்கியிருக்கு, அவ்வளவுதான்."

சோலையப்பன் காதில் அந்தக் குடம் தங்கிவிட்டது.

"நாளை உச்சிவேளைக்குள் வரி வரவேண்டும். வராவிட்டால் தறிகள் விறகு" என்றார் மன்னர்.

"வரும், மன்னா." சோலையப்பன் வணிகர் பக்கம் திரும்பினார். "ஐயா, உங்கள் வில்லைக்குக் கடையில் எது கேட்டாலும் கிடைக்குமா?"

"இதென்ன கேள்வி? இருப்பது எதுவானாலும் கிடைக்கும். சபையறியச் சொல்கிறேன்."

மறுநாள் காலை நாற்பது வீட்டாரும் வில்லைகளை மூட்டை கட்டிக்கொண்டு கடைக்குப் போனார்கள். அரிசி கேட்கவில்லை. ஆளுக்கொரு செப்புக் குடம் கேட்டார்கள். சபையறியச் சொன்ன வாயால் மறுக்க முடியவில்லை.

உச்சிவேளையில் நாற்பது குடங்கள் சிங்காசனத்தின் முன் வரிசையாக நின்றன.

"வரி கேட்டால் பாத்திரக் கடை வைக்கிறாயா?" என்று சோலையப்பனைப் பார்த்துச் சீறினார் மன்னர்.

"ஒரு குடத்துக்குள் எட்டிப் பாருங்கள், மன்னா."

பார்த்தார். அவசரத்தில் சரியாக உருகாத காசு ஒன்று அடியில் பதிந்து கிடந்தது. அரச முத்திரையான சேவலின் கொண்டையும் ஒற்றைக் கண்ணும் தெளிவாகத் தெரிந்தன. சிதம்பரநாதர் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சோலையப்பா, இது...?"

"தாங்கள் கேட்ட காசுதான், மன்னா. கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது."

மன்னர் சிரித்தார். வணிகரைக் காவலில் வைக்கவும் தறிகளைத் திருப்பித் தரவும் சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார். சபையும் சிரித்தது.

நெசவாளர்கள் சிரிக்கவில்லை. கடைசித் தறி வண்டியிலிருந்து இறங்கும்வரை வாசலை விட்டு நகரவும் இல்லை.