எட்டாவது நாற்காலி

கூட்டல் கழித்தல் தெரிந்தவர்களுக்கு இது லேசான புதிர். ஊர்வாய்க்குப் பயந்தவர்களுக்குத்தான் கொஞ்சம் சிரமம்.

கொங்குப் பக்கம் ஆவாரங்காட்டூர் என்றொரு பேரூராட்சி. பதினைந்து வார்டு, பதினைந்து கவுன்சிலர். அவர்களில் ஒருவர்தான் தலைவர் பொன்னுசாமி. ஊர்க் குப்பையைக் கொட்ட இடமில்லாமல் தவித்த தலைவர், பெரிய ஏரியின் கரையிலேயே கிடங்கு அமைக்கத் திட்டம் போட்டார். ஏரியை ஒட்டி மூன்று வார்டுகள். அங்கே குடிக்கவும் சமைக்கவும் கிணற்றுத் தண்ணீர்தான். கிணறுகளுக்கு ஊற்று ஏரியிலிருந்துதான். குப்பை வந்தால் தண்ணீர் கெடும் என்பதைச் சொல்ல விஞ்ஞானி வேண்டியதில்லை.

அந்த மூன்றில் ஒரு வார்டின் கவுன்சிலர் துளசிமணி. தையல் கடை வைத்திருப்பவள், முதல் தடவையாக ஜெயித்தவள். அவளுக்கு முன்னால் இருந்தவர், கல்குவாரிக்கு ஓட்டெடுப்பு நடந்தபோது கோபமாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளிநடப்புச் செய்தார். குவாரி வந்தது. கூடவே அவர் வீட்டு வாசலுக்குப் புதுக் காரும் வந்தது. அன்று முதல் அந்தப் பக்கத்தில் வெளிநடப்பு என்றால் விலைபோனது என்றே பொருள்.

சூடு கண்ட பூனை அல்லவா? இந்தத் தடவை ஜனங்கள் விடவில்லை. துளசிமணி, மற்ற இரண்டு வார்டுகளின் கவுன்சிலர்களான ரங்கநாதன், தேங்காய் மண்டி நாச்சிமுத்து, மூன்று பேரையும் முனியப்பன் கோயிலில் நிறுத்திக் கற்பூரம் அணைக்க வைத்தார்கள். கூட்டத்துக்குப் போக வேண்டும், எதிர்த்துப் பேச வேண்டும், கடைசி வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. மூவரும் சத்தியம் செய்தார்கள்.

இனிமேல்தான் கணக்கு. மன்றத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். ஓட்டெடுப்பின்போது ஒரு தலை குறைந்தாலும் கலைந்துவிடும். தலைவரையும் சேர்த்து அவர் பக்கம் ஏழு பேர். வேறு ஐந்து பேர் தலைவரோடு ஏதோ பிணக்கில் கூட்டத்துக்கே வருவதில்லை. மிச்சம் இந்த மூவர். அந்த மாதத்துக்குள் தீர்மானம் நிறைவேறாவிட்டால் கிடங்குக்கு ஒதுக்கிய நிதி வேறு ஊருக்குப் போய்விடும்.

கூட்டத்தன்று காலையில் தலைவரே துளசிமணிக்குப் போன் செய்தார். அவசியம் வந்து எதிர்ப்பைப் பதிவு செய்ய வேண்டும், நாலு பேர் எதிர்த்துப் பேசினால்தான் ஜனநாயகம் என்றார். பேரூராட்சி ஜீப்பை அனுப்பட்டுமா என்றும் கேட்டார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதது. துளசிமணிக்கோ பெருமை பிடிபடவில்லை. ஒரு வாரமாக மெஷினை மிதித்துக்கொண்டே அவள் பேச்சைப் பாடம் பண்ணியிருந்தாள்.

நாச்சிமுத்து வரவில்லை. காங்கேயத்தில் கல்யாணம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். துளசிமணி எழுந்து பேசினாள், நன்றாகவே பேசினாள். தலைவர் ஒரு தடவைகூடக் குறுக்கிடாமல் தலையாட்டிக் கேட்டார், டீ வரவழைத்துக் கொடுத்தார். ஓட்டெடுப்புக்கு முன்னால் ரங்கநாதன் அவள் பக்கம் சாய்ந்தார்.

"அம்மிணி, இப்ப ஒம்பது பேர் இருக்கறோம். நாம ரெண்டு பேரும் எந்திரிச்சுட்டா ஏழுதான். கூட்டமே செல்லாது. வா, போயிரலாம்."

துளசிமணிக்கு அப்போதுதான் காலையில் வந்த போனின் அர்த்தம் புரிந்தது. ஜன்னலுக்கு வெளியே அவள் வார்டு ஆட்கள் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வெளிய போனா வெல போயிட்டாள்னு பேசுவாங்கண்ணா. கற்பூரத்த அணைச்சிருக்கறேன்."

"பேசிட்டுப் போறாங்க. தண்ணி தப்பிக்குமில்ல?"

அவள் அசையவில்லை. அவர் மட்டும் எழுந்து போனார். ஜன்னலுக்கு வெளியே யாரோ காறித் துப்பும் சத்தம் கேட்டது. ஏழு கைகள் ஆதரவாக எழுந்தன, எதிர்ப்பாக அவளுடைய ஒரு கை. தீர்மானம் நிறைவேறியது. கலையும்போது தலைவர் தன் ஆட்கள் ஒருவருக்கும் நன்றி சொல்லவில்லை. துளசிமணிக்கு மட்டும் கைகூப்பி, வந்ததற்கு ரொம்ப நன்றி என்றார்.

சாயங்காலம் ஏரிக்கரையில் ஜனங்கள் துளசிமணிக்கு மாலை போட்டார்கள். தோற்றாலும் சத்தியத்தைக் காப்பாற்றினாளாம். ரங்கநாதனைக் கிட்டே சேர்க்கவில்லை. அவர் புளியமரத்தடியில் தள்ளி நின்றார். நாச்சிமுத்து மட்டும் தைரியமாக வந்து, மூன்று பேரும் போகாமல் இருந்தால் கூட்டமே நடக்காது என்று தனக்குப் போன வாரமே தெரியும், அதனால்தான் போகவில்லை, தான் செய்ததே புத்திசாலித்தனம் என்றார். போனவள், பாதியில் எழுந்தவர், போகவே போகாதவர். இந்த மூவரில் யார் செய்தது சரி? யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

விடை: ரங்கநாதன் செய்ததே சரி. சத்தியம் தண்ணீருக்காக, நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அதற்கு ஒரு வழி மட்டுமே. அந்த வழி தலைவருக்குத்தான் உதவுகிறது என்று தெரிந்ததும் அவர் அதை விட்டார், கெட்ட பேரை வாங்கிக்கொண்டார், பக்கத்தில் இருந்தவளையும் கூப்பிட்டார். நாச்சிமுத்தின் கணக்கு சரிதான். ஆனால் மூன்று பேர் சேர்ந்தால் பலிக்கும் கணக்கை மற்ற இருவரிடம் சொல்லாமல் வைத்திருந்தது வெறும் சாமர்த்தியம், அதனால் ஒரு குடம் தண்ணீரும் மிஞ்சவில்லை. துளசிமணி தன் பேரைக் காப்பாற்றி ஏரியைக் கொடுத்துவிட்டாள். அவளுக்கே அது தெரியும். மாலையைக் கழற்றிக்கொண்டு புளியமரத்தடிக்குப் போய் ரங்கநாதன் கையில் கொடுத்தாள். "நானும் எந்திரிச்சிருந்தாக் குப்பை வந்திருக்காதுங்க" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். மாலை போட்டவர்களே அவளை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அன்றைக்கு முதல் தடவையாக அவள் அதற்குப் பயப்படவில்லை.