பேச்சித்தாயின் கத்தி

ஆடி மாதத்து மூன்றாவது வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். குற்றால மலைப் பக்கமிருந்து இறங்கிய சாரல், மடத்துச் சமையற்கட்டின் ஓடுகளை ஓசையில்லாமல் நனைத்துக்கொண்டிருந்தது.

சடகோபன் பதினொரு கத்திகளையும் ஒரு வெள்ளைத் துணியின்மேல் வரிசையாக அடுக்கிவிட்டு வேலம்மைக்காகக் காத்திருந்தார்.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. சமையற்கலைக் கல்லூரி ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் மாணவர்களுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வேலம்மைக்கு நாற்பத்தொன்று. நாள்தோறும் முன்னூறு பேருக்குச் சோறிடும் அந்த மடத்தின் தலைவி. தம்மைவிடப் பதினேழு வயது இளையவரைக் குருவாக ஏற்று, அவர் வாயால் உபதேசம் பெறுவதற்காகவே சடகோபன் மூன்று மாதமாக அங்கே அரிசி களைந்துகொண்டிருந்தார்.

இரண்டு நாளுக்கு முன்பு வேலம்மை சொல்லியிருந்தார்: “சமையற்கட்டில் பதினொரு கத்தி இருக்கிறது. அதில் நல்ல கத்தி எது என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள். சொன்ன மறுநாள் உபதேசம்.”

சடகோபனுக்குச் சிரிப்பு வந்தது. இதுவா சோதனை? கத்தியைப் பற்றித் தம்மிடமா?

தாளை அறுத்துப் பார்த்தார். தக்காளித் தோலில் வைத்து இழுத்துப் பார்த்தார். பதினொன்றில் ஒன்றுகூடத் தேறவில்லை. அத்தனையும் மழுங்கல். எனவே வியாழக்கிழமை வேலம்மை தென்காசிக்கு மளிகை வாங்கப் போன நேரத்தில், தம் பெட்டியிலிருந்த சாணைக்கற்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பொழுது சாயும்போது ஒவ்வொரு கத்தியும் முன்கை மயிரை மழித்தது. ஒன்றைக் கேட்டார், பதினொன்றாகக் கொடுத்துவிடுவோம்!

முதலில் வந்தவள் பேச்சித்தாய். காலையில் மடத்துக்குக் காய் நறுக்குவாள். மற்ற நேரம் வீட்டில் பீடி சுற்றுவாள். வரிசையிலிருந்து தன் கத்தியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்ன சார், என் கத்தி குளிச்சு முழுகி வந்திருக்கு? கல்யாணமா?”

“கூர் தீட்டியிருக்கிறேன். இனிமேல் அழுத்த வேண்டியதில்லை. பட்டாலே போதும்.”

“அப்ப நான் வீட்டுல படுத்துக்கிடுதேன். அதுவே நறுக்கட்டும்.”

சிரித்துக்கொண்டே உட்கார்ந்து கொத்தவரங்காயில் ஒரு பிடி அள்ளினாள். மடத்துப் பெண்கள் பலகை வைத்து நறுக்குவதில்லை. இடது கையில் காய், வலது கையில் கத்தி, அதே வலது கையின் பெருவிரல்தான் பலகை. கத்தி காயை அறுத்துக்கொண்டு பெருவிரலில் வந்து நிற்கும். காயை அறுக்கும், தோலை அறுக்காது. பேச்சித்தாய் அப்படிப் பதினான்கு வருடமாக நறுக்குகிறாள்.

சடகோபன் அறுபட்ட காயின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போல மின்னியது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு பச்சையின்மேல் சிவப்பு தெரிந்தது.

பேச்சித்தாய் நறுக்கிக்கொண்டே மருமகளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னொரு வெட்டு. மற்றொன்று. சடகோபன் வாயைத் திறந்தார்.

“ஏன் சார், பேயக் கண்ட மாதிரி முழிக்கிய?”

அவர் விரலை நீட்டினார். அவள் குனிந்து பார்த்தாள்.

“அட,” என்றாள். “வலிக்கவே இல்லியே.”

உள்ளே நுழைந்த வேலம்மை ஒரு பார்வையில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். துணியைக் கிழித்து விரலை இறுக்கிக் கட்டி, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

“மன்னிச்சிருங்கம்மா,” என்றாள் பேச்சித்தாய். “ஒரு கூடைக் காயும் பாழாப் போச்சு. அழுத்தாதன்னு சார் சொல்லத்தான் செஞ்சாவ. கை கேக்கல்ல.”

அறுபட்டவள் மன்னிப்புக் கேட்கிறாள்.

“விரல் மடங்குதா பேச்சி?” என்று கேட்டார் வேலம்மை.

“மடங்குது. பீடி சுத்த முடியுமாம்மா?”

ஆட்டோ வந்தது; அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

அப்போதுதான் சடகோபனுக்கு உறைத்தது. துணியின்மேல் இன்னும் பத்துக் கத்திகள். ஆறரைக்குப் பத்துப் பெண்கள் வருவார்கள். பாய்ந்து துணியோடு சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டார். வந்த பெண்களுக்கு வேலம்மை அரிவாள்மனைகளை எடுத்துக் கொடுத்தார்.

“மழுங்கிய கத்திதான் கையை அறுக்கும் அம்மா,” என்றார் சடகோபன். “இருபத்தாறு வருடம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.”

“பொய்யா சொன்னீர்கள்?”

“இல்லை. உண்மைதான்.”

வேலம்மை பேச்சித்தாயின் இடத்தில் உட்கார்ந்தார். அவள் கத்தியைக் கழுவி எடுத்து, புதிதாக ஒரு கொத்தவரங்காயைப் பெருவிரலின்மேல் வைத்தார். கத்தி இறங்கியது.

“வேண்டாம்!” சடகோபன் குருவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“ஏன்?”

“அறுத்துவிடும்.”

“அறுப்பதுதானே நல்ல கத்தி?”

சடகோபன் பிடியை விட்டார்.

வேலம்மை கத்தியைக் கைக்குக் கை கொடுக்கவில்லை. தரையில் வைத்தார். “இது நீங்கள் செய்த கத்தி. அவளுடையதை அவளுக்குத் திருப்பிக் கொடுங்கள்.”

சடகோபன் அதை எடுத்துக்கொண்டு கிணற்றடித் துவைகல்லுக்குப் போனார். கத்தியின் விளிம்பைக் கல்லின்மேல் குறுக்காகத் தேய்த்தார். பல் கூசியது. வாழ்நாளில் ஒரு கத்திக்கும் அவர் அப்படிச் செய்ததில்லை.

“எதுவரை மழுக்குவது?” என்று அங்கிருந்தே கேட்டார்.

“உங்களுக்குப் பெருவிரல் இல்லையா?”

ஒரு காயைத் தம் பெருவிரலில் வைத்து அறுத்தார். இரத்தம். மீண்டும் தேய்த்து அறுத்தார். மறுபடியும் இரத்தம். மூன்றாம் முறை கத்தி காயையே அறுக்க மறுத்தது, நசுக்கியது. அளவு மீறிப் போயிருந்தது. சாணைக்கல்லை எடுத்து, மிக மெல்ல, இரண்டே இழுப்பு.

உச்சிப்பொழுதில் கத்தி காயை அறுத்துத் தோலில் நின்றது. நின்ற இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு மட்டும். அதுவும் மறைந்தது.

இரண்டு கட்டுப் போட்ட விரலோடு அதை வேலம்மையின் முன் வைத்தார்.

“இப்போது இது நல்ல கத்திதானா அம்மா?”

வேலம்மை அதைத் தொடவில்லை.

“என்னிடம் கேட்கிறீர்களே,” என்றார். “நாளைக்குப் பேச்சித்தாய் வருவாள்.”

மறுநாள் காலை பேச்சித்தாய் வந்தாள். ஐந்து தையல், இரண்டு வாரத்துக்கு எந்த வேலையும் கூடாதென்று சொல்லியிருந்தார்கள். இடது கைப் பெருவிரலால் கத்தியின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். “ம்,” என்றாள். பிறகு கத்தியைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். “இனிமே இது எங்கூடயே இருக்கட்டும் சார். நீங்க நல்ல மனுசன். அதான் பயமா இருக்கு.”

வேலம்மை பூசை அறையில் விளக்கேற்றி, உபதேசத்துக்கென்று எதிரே ஒரு மணை போட்டு, அரைமணி நேரம் காத்திருந்தார்.

சடகோபன் வரவில்லை. பத்துக் கத்திகளையும் ஏந்திக்கொண்டு அவர் சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தார். சாரலில் நனைந்து வந்த ஒவ்வொரு பெண்ணையும் நிறுத்தி, “இதில் எது உங்களுடையது?” என்று கேட்டார். அவள் காட்டியதும், “கையைக் கொஞ்சம் காட்டுங்கள்,” என்றார்.