நாலு வரிக் கட்டம்

"உங்களாலதான் சார் இது என் கையை விட்டுப் போகப்போகுது" என்றாள் ஜெசிந்தா. இன்னும் உட்காரக்கூட இல்லை.

பேராசிரியர் கதிரேசன் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"முதல்ல உக்காரும்மா."

உட்கார்ந்தாள். அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. அவருக்கு ஐந்து வயது கூட. அவர் முதல் வேலையில் சேர்ந்த காலத்தில் அவரிடம் முதல் வரிசையில் உட்கார்ந்து படித்தவள்.

நாடு கடந்த வியாபாரத் தகராறுகளை நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர்கள் தீர்த்து வைப்பார்கள். அந்தச் சட்டத்தை இருபத்தைந்து வருடமாக வேறொரு கல்லூரியில் கற்பிக்கிறாள். புத்தகம் எழுதினாள். மாணவர்களைப் போட்டிகளுக்குக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தாள். நடுவர் நாற்காலியில் மட்டும் அவளை ஒருவரும் உட்காரச் சொன்னதில்லை.

இப்போது சொல்லியிருந்தார்கள். துறைமுகத்துக்குக் கிரேன் செய்து தருவதில் இரண்டு கம்பெனிகளுக்குள் தகராறு. விசாரணை சிங்கப்பூரில். தலைமை நடுவர் ஜெசிந்தா.

நேற்று சாட்சிப் பட்டியல் வந்தது. கிரேன் கம்பெனிக்காக இந்தியச் சட்டம் பற்றிக் கருத்துச் சொல்லப்போகும் நிபுணர், கதிரேசன்.

"நடுவர் யாருன்னு பார்க்காமயே ஒத்துக்கிட்டீங்களா?"

"நான் ஒத்துக்கிட்டது ஜூலையில. உன்னைப் போட்டது அக்டோபர்ல."

அவள் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள். வழக்கில் வரும் யாரோடாவது நடுவருக்குப் பழக்கம் இருந்தால் அதில் எழுதித்தர வேண்டும். படித்துவிட்டு எதிர்த்தரப்புக் கம்பெனி இந்த நடுவர் வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் நாற்காலி போச்சு.

எழுதுவதற்கு நாலு வரி அளவில் ஒரு கட்டம். அதில் அரை வரி இருந்தது. 'துறை சார்ந்த அறிமுகம் உண்டு.'

கதிரேசன் சிரித்தார்.

"பொய் இல்லையே சார்?"

"இல்லை."

"அப்புறம் ஏன் சிரிக்கிறீங்க?"

"பென்சில்ல எழுதியிருக்கியே."

ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வேற என்னத்த எழுத? அப்பா செத்து மூணு மாசம் நான் காலேஜுக்கே வரலை. நடத்தின பாடத்தையெல்லாம் நீங்க கைப்பட எழுதி வாராவாரம் தபால்ல அனுப்புனீங்க. அது இல்லைன்னா நான் இல்லை. இதை எழுதுனா அன்னிக்கே என்னை அனுப்பிடுவாங்க."

"அனுப்பலாம்."

"இருபத்தஞ்சு வருஷம் சார்."

"தெரியும்மா."

மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார்.

"சாட்சி சொல்றவங்களும் நடுவரோட பழக்கம் இருந்தா எழுதித் தரணும். சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும். நான் விலகிட்டா இது தேவைப்படாது, உன் கட்டத்துலயும் ஒண்ணும் எழுத வேண்டாம். அதையும் யோசிச்சுப் பார்த்தேன். படிச்சுட்டு நீயே சொல்லு."

படித்தாள்.

'தலைமை நடுவர் இரண்டு ஆண்டுகள் என் மாணவி. ஒரு நாள் வகுப்பில் எழுந்து, நான் அச்சுக்கு அனுப்பியிருந்த கட்டுரை தவறு என்றார். கோபத்தில் அவரை வெளியே போகச் சொன்னேன். ஒரு வாரம் கழித்துத்தான் அவர் சொன்னதே சரி என்று புரிந்தது. கட்டுரையைத் திரும்ப வாங்கி முழுவதும் மாற்றி எழுதினேன். எனக்குக் கிடைத்த பெயரெல்லாம் அந்தக் கட்டுரையால் வந்தது. இந்த விஷயத்தில் நான் அவருடைய மாணவன்.'

மறுபடியும் ஒருமுறை படித்தாள். வெளியே போகச் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. மற்றது எதுவும் தெரியாது.

"முப்பது வருஷத்துல இதை என்கிட்ட ஒரு நாள்கூட நீங்க சொன்னதில்லையே சார்."

"யாரும் கேட்கலை. இப்பதான் கேட்டிருக்காங்க."

மின்விசிறிக் காற்றில் விடைத்தாள்கள் படபடத்தன. அவர் கையை வைத்து அமுக்கிக்கொண்டார். அவசரப்படுத்தவில்லை.

ஜெசிந்தா அந்தத் தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அனுப்பிடுங்க சார்."

பிறகு அவர் மேசையில் கிடந்த ரப்பரை எடுத்துத் தன் அரை வரியை அழித்தாள். தூசியை ஊதினாள். பேனாவைத் திறந்தாள்.

"நாலு வரிக்குத்தான் இடம் இருக்கு."

"தனித்தாள் இணைக்கலாம்னு அடியில போட்டிருக்கு பாரு."

அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கொடுத்தார்.

வாங்கிக்கொண்ட பிறகும் அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.

"இன்னும் ரெண்டு குடுங்க சார்."