புதன்கிழமை சொன்ன பதில்

இந்த முடிச்சு எனக்கே முழுதாக அவிழவில்லை. ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

கடலோரச் சிறு நாடு ஒன்றில் அங்கயற்கண்ணி என்பவர் வெளியுறவு அமைச்சராக இருந்தார். அந்நாட்டு ஆண்களில் பாதிப் பேர் கடல் கடந்து போய் அக்கரை நாட்டில் கட்டட வேலை பார்ப்பவர்கள். அங்கே ஒருமுறை, முதலாளி பறித்து வைத்த பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்ட குற்றத்துக்காகப் பதினொரு பேரைச் சிறையில் போட்டார்கள். பதினொருவரும் நண்டுத்துறை என்ற ஒரே ஊர்க்காரர்கள். அந்தத் தொகுதியின் எதிர்க்கட்சி உறுப்பினர் மாசிலாமணி. அவர் புதன்கிழமைதோறும் கேள்வி நேரத்தில் எழுந்து, இவர்களை விடுவிக்க அக்கரை அரசோடு பேச்சுவார்த்தை நடக்கிறதா என்று கேட்பார். ஐந்து வாரமும் அமைச்சர் சொன்ன பதில் “இல்லை” என்பதுதான். அது உண்மையும்கூட. அக்கரையார் பேசவே மறுத்தார்கள்.

ஆறாவது வாரம் திங்களன்று அக்கரைத் தூதர் தாமாகவே வந்தார். வியாழன் காலை பதினொருவரையும் விமானத்தில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார். நிபந்தனை ஒன்றுதான். விமானம் இங்கே தரையிறங்கும்வரை, அமைச்சரையும் அவர் செயலாளரையும் தவிர வேறு யாருக்கும் விஷயம் தெரியக்கூடாது. நெருக்கடிக்குப் பணிந்தார் என்று தங்கள் மன்னருக்குப் பெயர் வந்துவிட்டால் விடுதலை அப்போதே ரத்து. அங்கயற்கண்ணி வாக்குக் கொடுத்தார்.

நடுவில் புதன்கிழமை இருந்தது.

அந்த நாட்டில் சபையில் தெரிந்தே பொய்ப் பதில் சொன்ன அமைச்சர் பதவி இழக்க வேண்டும் என்று விதி. ஆனால் கேள்வி கேட்ட உறுப்பினரே தீர்மானம் கொண்டுவந்து, சபையும் அதை ஏற்றால்தான் விதி செல்லும்.

செயலாளர் இன்னாசி ஒவ்வொரு வழியாகச் சொல்லிப் பார்த்தார். பதில் சொல்ல இயலாது என்று கூறிவிடலாமே என்றார். ஐந்து வாரம் இல்லை என்றவள் இன்று சொல்ல முடியாது என்றால், மாடத்தில் இருக்கும் நிருபர்கள் அதை ஆமாம் என்றே எழுதுவார்கள் என்றார் அமைச்சர். மாசிலாமணியிடம் சொல்லிக் கேள்வியைக் கைவிட வைத்தாலும் அதே கதைதான். அதோடு, அவரிடம் விஷயத்தைச் சொல்வதே வாக்குத் தவறுவதாகும். கடைசியில் இன்னாசி, விவரம் அறியாத துணை அமைச்சரை அனுப்பிவிடலாம், அவர் மனசாட்சி உறுத்தாமல் இல்லை என்பார் என்றார்.

“என் பொய்யை இன்னொருத்தர் வாயால சொல்ல வைக்கணுமா, இன்னாசி?” என்று கேட்டார் அங்கயற்கண்ணி. இன்னாசி கோப்பை மூடிவிட்டார்.

புதனன்று மாசிலாமணி எழுந்து கேட்டார். அமைச்சர் எழுந்து “இல்லை” என்றார்.

நண்டுத்துறையில் ரோணிக்கம் என்ற பெண் அதை ரேடியோவில் கேட்டாள். சிறையிலிருந்த சூசையின் மனைவி அவள். அப்பா வரட்டும் என்று மகளின் கல்யாணத்தை இரண்டு முறை தள்ளிப்போட்டிருந்தாள். மாப்பிள்ளை கப்பல்காரன். வெள்ளிக்கிழமை கப்பல் ஏறினால் திரும்ப இரண்டு வருஷம் ஆகும். இந்தப் புதனும் இல்லை என்று பதில் வந்தால் இனிக் காத்திருப்பதில்லை என்று இரு வீட்டாரும் பேசி வைத்திருந்தார்கள். வியாழன் காலை கோயிலில் தாய்மாமன் தகப்பன் இடத்தில் நிற்க, கல்யாணம் முடிந்தது. சாயங்காலம் சூசை ஊருக்குள் வந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். யார் வீட்டு விசேஷம் என்று அவனே கேட்டானாம்.

வெள்ளியன்று யாரும் கேட்காமலே அமைச்சர் சபையில் எழுந்தார். “புதனன்று நான் சொன்னது பொய். தெரிந்தே சொன்னேன்” என்றார். காரணத்தையும் மறைக்காமல் சொன்னார். சபாநாயகர் மாசிலாமணிக்குத் திங்கள்வரை அவகாசம் கொடுத்தார்.

மாசிலாமணி சனிக்கிழமை நண்டுத்துறைக்குப் போனார். சூசை அவர் கையைப் பிடித்துக்கொண்டான். “அந்தம்மா அன்னைக்கு உண்மையச் சொல்லியிருந்தா நாங்க பதினோரு பேரும் இன்னும் உள்ளதான் கெடப்போம். அவங்கள ஒண்ணும் பண்ணிராதீங்கய்யா.”

ரோணிக்கம் வாசலிலேயே நின்றாள். “எம்புருசன் உயிரோட வந்துட்டாரு, கும்புட்டுக்கறேன். ஆனா அவங்க வார்த்தைய நம்பித்தானே எம்மகள அப்பன் இல்லாம அனுப்பிவச்சேன்? அடுத்த தடவ ரேடியோவுல பதில் சொன்னா நான் நம்பணுமா, வேண்டாமாய்யா?”

இருவர் சொன்னதும் அவருக்கு நியாயமாகவே பட்டது. கட்சித் தலைமையோ, விடாதே, கொண்டுவா என்று நெருக்கியது. அதனால் தீர்மானம் நீதிக்காகவா கட்சிக்காகவா என்ற சந்தேகமும் சேர்ந்துகொண்டது. ஞாயிறு முழுவதும் ஒரு தாளில் எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தார்.

திங்களன்று சபாநாயகர் கேட்டார்: “உறுப்பினர் தீர்மானம் கொண்டுவருகிறாரா?”

மாசிலாமணி எழுந்து நின்றார். தன் ஊராரைக் காப்பாற்றியவரை அவர் கவிழ்ப்பதா, தன் ஊராரிடம் பொய் சொன்னவரை விட்டுவிடுவதா? சொல்லுங்கள், எது சரி?

விடை: எனக்குத் தெரிந்தவரை, தீர்மானம் கொண்டுவருவதே சரி. நன்றி சொல்வது சூசையின் உரிமை. மன்னிப்பது ரோணிக்கத்தின் உரிமை. மாசிலாமணியிடம் இருந்ததோ, கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் பெறும் உரிமை. அதை ஊரார் அவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். பிறர் பொருளை எடுத்து நன்றிக்கடன் தீர்க்க முடியாது. அமைச்சர் பொய் சொன்னதையும் நான் தவறென்று சொல்லமாட்டேன். தண்டனை என்னவென்று தெரிந்தேதான் சொன்னார். அந்தத் தண்டனையை இன்று தள்ளுபடி செய்தால், காப்பாற்ற யாருமே இல்லாத நாளிலும் நாளைய அமைச்சர் ஒருவர் அதே பொய்யைச் சொல்லிவிட்டுப் போவார். மாசிலாமணி, கொண்டுவருகிறேன் என்றார். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் சபாநாயகர். முதலில் உயர்ந்தது அங்கயற்கண்ணியின் கை. இரண்டாவது கை உயர வெகுநேரம் ஆயிற்று.