பின்னால் தள்ளும் கை

மலையடிவாரப் பட்டறையில் மேஸ்திரி தேவநேசனுக்கு முப்பத்தொரு வயது. அவரிடம் வேலை கற்க வந்த மாரப்பனுக்கு ஐம்பத்தாறு. முதுகு போகும்வரை லாரி ஓட்டியவர். மேஸ்திரி திட்டினால் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பித் திட்டுவார். ஆனால் சொன்ன வேலையை முடிக்காமல் சோற்றில் கை வைக்க மாட்டார்.

போன வாரம் அவரே தனியாக ஒரு வேலை செய்தார். மிளகு பறிக்கும் பெண்களை ஏற்றிப்போகும் பிக்கப் வண்டி, ஆள் ஏறினால் பின்பக்கம் தாழ்ந்துபோகிறது என்றார் வண்டிக்காரர். மாரப்பன் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் பட்டை சேர்த்து, பின்பக்கத்தை நாலு விரல் தூக்கி நிறுத்தினார். வண்டிக்காரருக்கு ஏக சந்தோஷம்.

அன்றிலிருந்துதான் அது ஆரம்பித்தது. மலை இறங்கும் வளைவில், பிரேக் மிதித்தாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போகிறது. பின்னால் யாரோ கை வைத்துத் தள்ளுவதுபோல் இருக்கிறது என்று பெண்கள் சொன்னார்கள். மாரப்பனின் மனைவி பூவாயியும் அதைத்தான் சொன்னாள். அவளும் அந்த வண்டியில்தான் போய் வருகிறாள்.

மாரப்பன் பிரேக் ஷூவை மாற்றினார், ஆயிலை மாற்றினார். தள்ளுவது நிற்கவில்லை.

இன்று காலை மூடுபனி பட்டறைக் கூரைவரை இறங்கியிருந்தது. மேலே போக பன்னிரண்டு பெண்கள் காத்திருந்தார்கள்.

"வண்டியில ஒரு குறையும் இல்ல மேஸ்திரி. அந்த வளைவுலதான் என்னமோ நிக்குது. பூசாரியைக் கூப்பிடட்டுமா?"

"காலியா வந்தாலும் தள்ளுதா?"

"காலியா வந்தா பூனை மாதிரி நிக்குது. ஆள் இருந்தாத்தான். அது ஆளைத் தேடித்தானே வருது?"

மேஸ்திரி சிரிக்கவில்லை. ஒரு சாக்கை விரித்து, மாரப்பனை வண்டிக்கடியில் படுக்கச் சொன்னார். பின் அச்சிலிருந்து பிரேக் வால்வுக்குப் போகும் மெல்லிய கம்பியைக் காட்டினார். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் கம்பி அசையும். அசைந்த அளவுக்குத்தான் பின்சக்கரத்துக்கு பிரேக் கூடும். மாரப்பன் ஓட்டிய பழைய லாரிகளில் அப்படி ஒன்று கிடையாது.

"அதுமேல விரலை வைங்க. அசைஞ்சா சொல்லுங்க."

பிறகு பெண்களை ஒவ்வொருவராக ஏறச் சொன்னார்.

மாரப்பனின் முகத்துக்கு மேலே தகரம் முனகியது. ஒரு ஜோடிக் கால். இன்னொரு ஜோடி. கம்பி சும்மா கிடந்தது. ஐந்து பேர். எட்டுப் பேர். பனி சக்கரத்தைச் சுற்றி உள்ளே வந்தது. என்ன நடக்கிறதென்று தெரியாமல் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கடைசியாக ஏறியவள் இருமினாள். அது பூவாயியின் இருமல்.

கம்பி பிணத்தின் விரல்போல் சில்லென்று இருந்தது. அசையவே இல்லை.

மேலே சத்தமே இல்லை. மாரப்பனின் குரல் வேறு யாருடையதோ மாதிரி வந்தது.

"மேஸ்திரி... மேல ஆள் இருக்காங்களா, இல்லையா?"

மேஸ்திரி குனிந்தார்.

"ஒரு வாரமா வண்டி உங்ககிட்ட அதைத்தாண்ணே கேட்டுட்டு இருக்குது."

வண்டிக்கடியிலிருந்து மாரப்பனின் கை மட்டும் வெளியே வந்து, சேர்த்த பட்டைகளைக் கழற்ற ஸ்பேனருக்காக விரிந்து நின்றது.