எல்லாரும் ஏறியாச்சா?

வியாழக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். காலையிலிருந்து பிடித்திருந்த சாரல் அப்போதுதான் விட்டிருந்தது. நாகர்கோவிலைச் சுற்றியிருந்த மலைகள் இடுப்பு வரைக்கும் மேகத்துக்குள் இருந்தன. போதகர் குடியிருக்கும் குருமனையின் முன்னறையில், நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஐரின் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மூலையில சாய்ச்சு வைங்க அக்கா. தரை ஏற்கெனவே ஈரம்தான்" என்றார் பெர்சிஸ்.

பெர்சிஸ் அந்தச் சபையின் போதகர். மாற்றலாகி வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கல்லூரியில் வேதியியல் கற்பிக்கும் ஐரின், வாரந்தோறும் அவரிடம் வந்து பிரசங்கம் செய்யப் பழகிக்கொண்டிருந்தாள். ஐரினைவிட அவர் வயதில் நன்றாகவே இளையவர். ஆனாலும் ஐரின் அவரை அம்மா என்பாள். அவர் ஐரினை அக்கா என்பார். இருவருக்குமே அதில் கூச்சம் இருந்ததில்லை.

வருகிற ஞாயிறு, குடும்ப ஞாயிறு. ஐரின் முதன்முறையாகச் சபைக்கு முன் நின்று பேச வேண்டும். 'நன்றியுள்ள குடும்பம்' என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள்.

"எழுதிட்டீங்களா?"

"இல்லம்மா. அதுக்கு முன்னால ஒரு கேள்வி." ஐரின் உட்கார்ந்து சேலை முந்தானையால் கையைத் துடைத்தாள். "ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எத்தனை தடவை நன்றி சொல்லணும்?"

"உங்க வீட்டில எத்தனை?"

"நேத்து ராத்திரி நாலு."

"நல்ல குடும்பம்தான்."

"நாங்க சொல்லலம்மா. மாமா சொல்லுதாங்க."

மாமா என்றது ஐரினின் மாமனார் ஞானாபரணத்தை. பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். தோள்பையைக் கழற்றி ஆண்டுகள் பலவாகியும் நாக்கிலிருந்து வண்டி இறங்கவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும், "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஜெபத்தைத் தொடங்குவார். ஆமென் சொன்ன கையோடு, "ரைட்!" என்பார். அதன் பிறகுதான் யாரும் தட்டில் கை வைக்கலாம். இதெல்லாம் அந்த வீட்டில் வெகு காலமாக இருந்துவருகிற வேடிக்கை. யாருக்கும் அதில் வருத்தம் இல்லை.

வருத்தம் இந்த ஒரு வருடமாகத்தான். ஞாபகம் தேயத் தொடங்கியிருந்தது.

"ரைட்னு சொன்னதையே மறந்துடுதாங்க. ரெண்டு வாய் சாப்பிடுததுக்குள்ள பஸ்ஸை நிறுத்துத மாதிரி கையைத் தூக்கி, ஹோல்டான்! எல்லாரும் நிறுத்தணும். மறுபடியும் முதல்லேர்ந்து ஜெபம். ஆறின ஆப்பத்தை வச்சுக்கிட்டு எங்க வீட்டுக்காரங்க போனைப் பார்க்குதாங்க. மக ஷைனி உதட்டைக் கடிச்சுக்கிட்டுச் சிரிக்கா. ஜெபத்துல சிரிக்கப் பழகிட்டா அம்மா, பிளஸ் டூ படிக்கிற பிள்ளை. நான் எதைச் சொல்லி அவளைக் கண்டிக்க?"

"டாக்டர் என்ன சொன்னார்?"

"மறதி இனி கூடத்தான் செய்யும்னார். சூடா ஒரு ஆப்பம் வந்ததும் புதுசா ஒரு சாப்பாடுன்னு நினைச்சுடுதாங்க போல. மூடிக் கொண்டு போனாலும் அப்படித்தான்."

"மத்தியானச் சாப்பாட்டுக்கு?"

"அப்போ நான் காலேஜ்ல. இவங்க கடையிலேர்ந்து வந்து, ரெண்டு பேருமா சாப்பிடுவாங்க. எல்லாத்தையும் மேசையிலேயே எடுத்து வச்சுட்டுப் போயிடுவேன். அப்போ ஒரு தடவைதானாம். காலையிலயும் ராத்திரியும்தான் இந்தப் பாடு."

பெர்சிஸ் சன்னல் பக்கம் திரும்பினார். சன்னல் கம்பியில் தொங்கிய நீர்த்துளி ஒன்று விழும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐரின் குரலைத் தாழ்த்தினாள். "ஒரு மடக்கு மேசையும் ஸ்டூலும் வாங்கி அவங்க ரூம்ல வச்சிருக்கோம். நாளை காலையிலேர்ந்து அவங்களுக்கு முதல்ல அங்கேயே கொடுத்துடலாம்னு இருக்கோம். நிம்மதியா சாப்பிடுவாங்க. நாங்களும் ஒழுங்கா ஜெபம் பண்ணுவோம். இது தப்பாம்மா?"

"இன்னைக்கு ராத்திரி என்ன?"

"ஆப்பம். முட்டைக் கறி."

"நான் வாரேன்" என்றார் பெர்சிஸ்.

அவர் வந்தபோது மழை மறுபடியும் தூறத் தொடங்கியிருந்தது. ஐரினின் கணவன் எட்வின், கண்ணாடிக் கடையைச் சற்று முன்னதாகவே அடைத்துவிட்டு வந்திருந்தான். ஞானாபரணம் துவைத்த வெள்ளைச் சட்டையில், மேல் பொத்தான் வரை போட்டு, மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"யாரு மக்களே இது?"

"நம்ம சபைப் போதகர் மாமா. பெர்சிஸ் அம்மா" என்றாள் ஐரின்.

"அப்படியா, இருங்கம்மா. எந்த ஊருக்கு?"

"இங்கதான் ஐயா, உங்க கூடத்தான்" என்றார் பெர்சிஸ். ஷைனி உதட்டைக் கடித்தாள்.

மேசையைச் சுற்றி ஐந்து நாற்காலிகள். நான்கில் ஆட்கள் இருந்தார்கள். ஐந்தாவதில் தண்ணீர்க் கூஜாவும் அன்றைய செய்தித்தாளும் இருந்தன.

ஐரின் அடுப்படியில் நின்றாள். புகைபோக்கி விசிறியின் இரைச்சலில் மேசைப் பேச்சு பாதிதான் காதில் விழும். 'ஏறியாச்சா' கேட்டது. பிறகு ஒரு முணுமுணுப்பு. பிறகு ஆமென், ரைட். அவள் சட்டியைச் சுழற்றி மாவை ஓட்டினாள். ஓரம் மெல்லிய வலைபோல முறுகியதும் எடுத்து, தட்டில் ஏந்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஹோல்டான்!"

ஞானாபரணத்தின் வலது கை உயர்ந்திருந்தது. எட்வின் பிட்டிருந்த துண்டைத் தட்டிலேயே போட்டான். ஷைனி தலையைக் குனிந்தாள். தோள்கள் மட்டும் குலுங்கின. ஐரின் ஆப்பத்தைப் போதகரின் தட்டில் வைத்தாள். சட்டி காய்ந்துவிடும் என்பதால் நிற்க நேரமில்லாமல் திரும்பிப் போனாள். பின்னால் முணுமுணுப்புத் தொடங்கிவிட்டது.

அடுத்த ஆப்பத்துக்கும் அதேதான். அதற்கு அடுத்ததற்கும் அதேதான்.

நான்காவது முறை அவள் மாவைக் கரண்டியில் எடுத்தபோது, அருகில் ஒரு கை வந்து கரண்டியைப் பிடித்தது.

"கொடுங்க அக்கா."

"ஐயோ, நீங்க ஏம்மா இங்க... விருந்துக்குக் கூப்பிட்டு அடுப்புல நிக்க வைக்கவா?"

"நீங்க கூப்பிடலையே. நானாத்தானே வந்தேன்." பெர்சிஸ் சட்டியின் காதுகளைத் துணியால் பிடித்தார். "எங்க அம்மா என்னை ஆப்பம் சுட விட்டதே இல்ல. வட்டமா வராதாம். இன்னைக்குப் பார்த்துடுவோம். போய் உக்காருங்க."

ஐரின் தயங்கியபடி மேசைக்கு வந்தாள். போதகரின் இடத்தில் உட்கார மனம் வராமல், வேறு இடம் தேடினாள். எட்வின் எழுந்து ஐந்தாவது நாற்காலியிலிருந்த கூஜாவைத் தூக்கினான். அதை எங்கே வைப்பது என்று அவனுக்கு உடனே தெரியவில்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டே நின்று, போதகர் எழுந்துபோன நாற்காலியில் வைத்தான். ஷைனி செய்தித்தாளை எடுத்து அங்கேயே போட்டாள். நாற்காலியின் இருக்கையில் கூஜாவின் வட்டத் தடம் வெளுத்துப் பதிந்திருந்தது.

ஐரின் அதன்மேல் உட்கார்ந்தாள்.

ஞானாபரணம் அவளைப் பார்த்தார். பிறகு மேசையை ஒரு சுற்றுப் பார்த்தார், நடைபாதையில் நின்றுகொண்டு இருக்கைகளைப் பார்க்கிறவர்போல.

"எல்லாரும் ஏறியாச்சா?"

"ஏறியாச்சு தாத்தா" என்றாள் ஷைனி.

அவர் கண்களை மூடினார். விசிறியின் இரைச்சல் இங்கே இல்லை. ஜெபத்தின் ஆரம்பமும் ஆமெனும் மட்டுமே இத்தனை நாளும் ஐரினுக்குத் தெரியும். நடுப்பகுதியை அவள் இப்போதுதான் கேட்டாள்.

"ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். ஒழுகாத கூரைக்காக ஸ்தோத்திரம். உட்கார்ந்திருக்கிறவங்களுக்காக ஸ்தோத்திரம்." ஒரு சிறு இடைவெளி. "என் பிள்ளை வந்துட்டா ஆண்டவரே. ஓடி வந்து ஏறிட்டா. ஸ்தோத்திரம். ஆமென்."

கண்ணைத் திறந்தார்.

"ரைட்!"

எல்லோரும் சாப்பிட்டார்கள். எட்வின் கைப்பேசியைத் தேடவில்லை. ஞானாபரணம் ஓர் ஆப்பத்தை நிதானமாகத் தின்று முடித்தார். மேசை நடுவில் இருந்த தட்டிலிருந்து இன்னொன்றைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார். முட்டையை இரண்டாகப் பிளந்து பாதியை ஷைனியின் தட்டில் வைத்தார். கை மேலே உயரவில்லை. ஐரின் வாயில் வைத்த துண்டின் ஓரம் இன்னும் மொறுமொறுப்பாக இருந்தது. தன் ஆப்பம் இப்படி இருக்கும் என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் அவள் அறிந்திருந்தாள். அவளுக்கு எப்போதும் கடைசியாக, அடுப்படியில் நின்றபடி, கரிந்ததோ கிழிந்ததோதான்.

அப்போது அடுப்படியிலிருந்து பெர்சிஸ் வந்தார். தட்டில் ஓர் ஆப்பம் கன்னியாகுமரிக் கடற்கரைபோல வளைந்து நெளிந்து கிடந்தது.

"ஹோல்டான்!"

ஷைனியால் அடக்க முடியவில்லை. வாய்விட்டே சிரித்துவிட்டாள். ஐரின் அவளைக் கண்டிக்கத் திரும்பினாள். மாமாவின் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விட்டுவிட்டாள். மாமா ஆப்பத்தைப் பார்க்கவில்லை. அதைக் கொண்டுவந்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா நிக்காங்களே மக்களே" என்றார் ஐரினிடம். "அவங்க பேரு என்ன?"

"பெர்சிஸ் ஐயா" என்றார் பெர்சிஸ்.

"இடம் இல்லையா அவங்களுக்கு?"

எட்வின் விருட்டென்று எழுந்தான். "என் இடத்துல உக்காருங்கம்மா."

"நீ எங்கடே எறங்குத?" என்றார் ஞானாபரணம். "டிக்கெட் எடுத்த ஆளு, அங்கேயே இரி."

இந்த முறை எட்வினும் சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே அப்பாவின் அறைக்குள் போனான். திரும்பி வந்தபோது அவன் சிரிக்கவில்லை. கையில் அந்தப் புதிய ஸ்டூல் இருந்தது. சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரித்திருக்கவில்லை.

அதை ஐரினுக்கும் அப்பாவுக்கும் நடுவே போட்டான். ஐரின் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெர்சிஸ் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் நொறுநொறுத்தது.

"உங்க பேரு என்னம்மா?"

"பெர்சிஸ் ஐயா."

"நல்ல பேரு. எல்லாரும் ஏறியாச்சா?"

"ஏறியாச்சு மாமா" என்றாள் ஐரின். 

பெர்சிஸ் புறப்படும்போது தூறல் வலுத்திருந்தது. ஐரின் குடையோடு வாசற்கதவு வரை கூட வந்தாள். உள்ளே ஷைனி தாத்தாவிடம், "அடுத்த ஸ்டாப் எது தாத்தா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர், "படுக்கைதான்" என்றார்.

ஐரின் கதவுக் கொண்டியை நீக்காமல் நின்றாள்.

"ஒரு வருஷமா அவங்களுக்கு மறதின்னு நினைச்சிட்டிருந்தேன். அப்போ அது மறதி இல்லையாம்மா?"

"மறதிதான் அக்கா. என் பேரைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசி வரைக்கும் மனசுல நிக்கல."

"பிறகு?"

பெர்சிஸ் தன் குடையை விரித்தார்.

"பேரு தெரியாதவளுக்கும் வண்டியை நிறுத்தினாங்க."

ஐரின் கொண்டியை நீக்கினாள். 

மறுநாள் காலை மழை இல்லை. குருமனையில் எப்போதும் நின்றுகொண்டே காபி குடித்து ரொட்டி தின்கிற பெர்சிஸ், அன்று ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

ஐரினின் வீட்டில், எட்வின் மடக்கு மேசையை அப்பாவின் அறையிலிருந்து தூக்கி வந்து சாப்பாட்டு மேசையோடு ஒட்டிப் போட்டான். அதன்மேல் கரண்ட் அடுப்பை வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து ஆப்பம் சுட்டான். முதல் ஆப்பம் கிழிந்தது. ஷைனி கூஜாவைச் சன்னல் திட்டில் வைத்துவிட்டு, ஐந்தாவது நாற்காலியை ஈரத் துணியால் துடைத்தாள், தடம் போகவில்லை. ஐரின் அதில் உட்கார்ந்தாள். ஞானாபரணம் எல்லோரும் ஏறியதைப் பார்த்து, ஜெபித்து, ரைட் சொன்னார்.

பாதிச் சாப்பாட்டில், வாசலில் மீன் விற்கிற அம்மா வந்து கூடையை இறக்கி, நிமிர்ந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஞானாபரணம் கையை உயர்த்தினார்.

"ஹோல்டான்!"

ஐரின் எழுந்து இன்னொரு தட்டை எடுத்தாள்.