ஆறு ஏழுகள்

மருதங்காட்டு ஜமீனில் கணிதப் பண்டிதர் ஆவுடையப்பர் வாய் திறந்தால் வேறு யாரும் திறக்க மாட்டார்கள். அரண்மனை முற்றத்துக்கு அவர் குறித்துக் கொடுத்த ராசியான எண் 7,77,777. அத்தனை சதுரக் கல்லையும் சரிசதுரமாகப் பாவ வேண்டும். ஒரு கல் உடையவும் கூடாது, மிஞ்சவும் கூடாது. தவறினால் கல் பாவுகிற சிட்டம்மாள் ஊரைவிட்டே போக வேண்டும்.

சிட்டம்மாள் அந்த எண்ணை ஒருமுறை பார்த்தாள்.

"பாவிடுறேன் சாமி. பெரிய வேலைன்னா முதல்ல ஒரு மாதிரி வேணும், அது எங்க வழக்கம். எண்ணிக்கை ஏழுல முடியுற சின்னச் சதுரம் ஒண்ணைப் பண்டிதரையா அடுக்கிக் காட்டட்டும்."

ஜமீன்தார் தலையாட்டினார். பண்டிதர் சிரித்துக்கொண்டே புளியங்கொட்டைகளோடு உட்கார்ந்தார். நான்கு, ஒன்பது, பதினாறு, இருபத்தைந்து. உச்சிப்பொழுதுக்குள் வரிசைக்கு இருபது கொட்டை வரை போய்விட்டார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று ஜமீன்தார் சிட்டம்மாளைக் கேட்டார்.

"இருபது வருஷமாச் சதுரம் பாவுறேன் சாமி. கடைசி இலக்கம் ஒண்ணு, நாலு, அஞ்சு, ஆறு, ஒன்பது, இல்லேன்னா சைபர். எவ்வளவு பெரிய சதுரமானாலும் இதுங்கதான் திரும்பத் திரும்ப வரும். ஏழு வராது."

ஜமீன்தார் சாப்பிட எழுந்தார். பண்டிதரும் எழப் பார்த்தார்.

"நீர் இரும். ஏழு வந்ததும் எழுந்திருக்கலாம்."